மைக்குக்குப் பின்னால்: வாசகர் கேள்விகளுக்கு ஓர் ஒலிப்பதிவுப் பொறியாளரின் பதில்கள்

ராப், ஹிப் ஹாப், ஆர் அண்ட் பி இசையில் இருக்கும் பெண்களைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. முதல் கடிதத்துக்கு மட்டும் நீளமாக எழுதுகிறேன். அதே துயரத்தை வேறு வேறு கையெழுத்தில் பலர் எழுதியிருந்தார்கள்.

அக்கா, ஒரு ராப் பாடலுக்கு ஹூக்கை, அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவியை, நானே எழுதி, மெட்டமைத்துப் பாடினேன். இரண்டாவது சரணத்தின் வரிகளும் என்னுடையவை. பாடல் நன்றாக ஓடுகிறது. ஆனால் எழுதியவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. உடன் பாடியவர் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். கேட்டால், "உனக்கு விளம்பரம் கிடைத்ததே, போதாதா?" என்கிறார்கள். இனி ஏதாவது செய்ய முடியுமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

போதாது, தங்கையே. செய்யவும் முடியும்.

ஒரு பாடலுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு. மற்றொன்று, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு. இரண்டுக்கும் தனித்தனி உரிமை, தனித்தனி ராயல்டி. உங்களைப் பாடகியாக மட்டும் காட்டினால் முதல் சொத்திலிருந்து உங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள் என்று பொருள். அந்தப் பாடல் விளம்பரத்திலோ திரைப்படத்திலோ எடுத்தாளப்படும்போதும், வேறொருவர் அதைப் பாடும்போதும் எழுதியவருக்கு வரவேண்டிய பணம் உங்களைத் தாண்டிப் போய்விடும்.

ராப் உலகில் பெரும்பாலும் படைப்பின் பாதிப் பங்கு பீட் (பாடலுக்கு அடியில் ஓடும் தாள இசை) அமைத்தவருக்கும், மறுபாதி வரியும் மெட்டும் தந்தவர்களுக்கும் போகிறது. இது சட்டமல்ல, வழக்கம், பேசி மாற்றலாம். ஆனால் ஹூக்தான் கேட்பவர் வாயில் நிற்கும் பகுதி, பாடலில் பலமுறை திரும்ப வருவதும் அதுதான். அதை எழுதியவருக்குப் பங்கே இல்லை என்பது எந்த வழக்கத்திலும் சேராது.

முதலில், பதிவின்போதோ பிறகோ கையெழுத்திட்ட தாள் ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். "ஒருமுறைத் தொகை பெற்றுக்கொண்டு எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி அதில் இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் உங்கள் கை பலமானது. போனில் முணுமுணுத்துப் பதிந்த முதல் மெட்டு, வரிகளை அனுப்பிய செய்திகள், திருத்தங்கள் எல்லாவற்றையும் தேதியோடு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு அமைதியான ஒரு மின்னஞ்சல்: எந்த வரிகள் உங்களுடையவை, என்ன பங்கு கேட்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். தொலைபேசியில் பேசினாலும் பேசியதைச் சுருக்கி அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள். உங்கள் நாட்டின் இசை உரிமைச் சங்கத்தில் உறுப்பினராகி, பாடலாசிரியருக்குரிய எண்ணையும் வாங்குங்கள். பட்டியலில் பெயரை ஏற்ற அது தேவைப்படும்.

இனி வரும் பாடல்களுக்கு ஒரே ஒரு பழக்கம் போதும். பதிவு முடிந்ததும், யாரும் எழுந்து போவதற்கு முன், ஒரு தாளில் பாடலின் பெயர், எழுதியவர்களின் பெயர், ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். அதற்குப் பங்குத் தாள் என்று பெயர். பாடல் பிரபலமான பிறகு அதே தாளைக் கொண்டுபோனால் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் ஞாபகம் மாறியிருக்கும். என் ஸ்டுடியோவில் கையெழுத்து விழாமல் கோப்பு வெளியே போகாது. முதலில் முகம் சுளித்தவர்கள் இன்று தாங்களே பேனா கேட்கிறார்கள்.

எழுதியவர் யார் என்ற பிரச்சினை பெண்களுக்கு மட்டும் வருவதல்ல. அமெரிக்க ராப் பாடகி லாரின் ஹில்லின் 1998 ஆல்பம், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியை 1999இல் வென்றது. ஹிப் ஹாப் ஆல்பம் ஒன்று அந்த விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. அதே ஆல்பத்தில் தங்கள் பங்கை ஒப்புக்கொள்ளவில்லை என்று உடன் பணியாற்றிய இசைக் கலைஞர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2001இல் சமரசத்தில் முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்று பேசுவது என் வேலையல்ல. ஆனால் அன்று தொடங்கிய "அவரே எழுதினாரா?" என்ற கேள்வி லாரின் ஹில்லை விட்டபாடில்லை. பத்துப் பேரோடு சேர்ந்து ஆல்பம் செய்யும் ஆணிடம் இந்தக் கேள்வியை இதே வேகத்தில் யாரும் கேட்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஆதாரத்தைச் சேர்த்து வைப்பது பெண்ணுக்கு இரட்டிப்பு அவசியம்.

எங்கள் மகளுக்குப் பதினாறு வயது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எந்நேரமும் கணினியில் பீட் அமைக்கிறாள். இது பெண்கள் செய்யும் வேலையா? இரவு நேர ஸ்டுடியோக்களை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது.
ஒரு தந்தை

ஐயா, செய்கிற வேலைதான். செய்ய விடப்பட்டவர்கள்தான் குறைவு. அமெரிக்காவில் 2012 முதல் 2017 வரை அதிகம் ஓடிய 600 பாடல்களை ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு எடுத்துப் பார்த்தது. எழுதியவர்களில் பெண்கள் 12.3 சதவீதம். அவற்றில் ஒரு பகுதியில் இசைத் தயாரிப்பாளர்களையும் எண்ணினார்கள்: 2 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்து மனம் தளர வேண்டாம். கனடாவைச் சேர்ந்த இசைத் தயாரிப்பாளர் வொண்டாகர்ல் தம் பதினாறாவது வயதில் அமைத்த பீட், 2013இல் அமெரிக்க ராப் பாடகர் ஜே ஸீயின் ஆல்பத்தில் இடம்பெற்றது. உங்கள் மகளின் வயதுதான்.

அமெரிக்க ராப் பாடகி மிஸ்ஸி எலியட்டைப் பற்றியும் அவளிடம் பேசுங்கள். 1997இல் முதல் ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே மற்றவர்களுக்குப் பாடல் எழுதிப் பெயர் வாங்கியவர், தமக்கென்று ஒரு இசை நிறுவனத்தையும் கையில் வைத்திருந்தவர். மேடையில் நிற்பவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். அந்த மேடையை எழுப்பியது எழுத்தும் தயாரிப்பும்.

பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். மகளை அறையில் பூட்டி வைத்துத் தீர்க்கக்கூடியது அல்ல. கேள்விகளை ஸ்டுடியோவிடம் கேளுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும்? உள்ளே யார் யார் இருப்பார்கள்? வேறு பெண் யாராவது உண்டா? வீடு திரும்ப வண்டிச் செலவு யாருடையது? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் தரும் இடத்துக்கு அனுப்புங்கள். கேள்வி கேட்டதற்கே கோபப்படும் இடத்துக்கு வேண்டாம். பதினெட்டு வயதாகும்வரை பெரியவர் ஒருவர் உடன் இருப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்கள் தங்கள் சரணங்களையெல்லாம் முடித்த பிறகு, நள்ளிரவு தாண்டித்தான் ஹூக் பாட வந்த பெண்ணை மைக் முன் நிறுத்துவது பல ஸ்டுடியோக்களில் பழக்கம். தொண்டை களைத்திருக்கும், அறையில் கூட்டமும் கூடியிருக்கும். நான் பதிவு செய்யும் பாடல்களில் ஹூக் முதலில் பதிவாகிறது. பாட்டும் நன்றாக வருகிறது, அந்தப் பெண்ணும் நேரத்தோடு வீடு போகிறாள்.

ஹிப் ஹாப் விழா நடத்துகிறேன். மேடையில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று ஆசைதான். ஆனால் அத்தனை பேர் கிடைக்கவில்லையே?
ஒரு விழா அமைப்பாளர்

தேடும் இடத்தை மாற்றுங்கள். இசைக்கு நிதி தரும் பிரிட்டனின் பி.ஆர்.எஸ். அறக்கட்டளை தொடங்கிய கீசேஞ்ச் இயக்கத்தில் 2018இல் 45 விழாக்கள், 2022க்குள் ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதி என்று உறுதிமொழி எடுத்தன. தேதி குறித்துச் சொன்னதால்தான் தேட வேண்டியிருந்தது. பெரிய விழாக்களில் பாடியவர்களின் பட்டியலை மட்டும் பார்த்தால் பழைய ஆண்களின் பெயர்கள்தான் திரும்ப வரும். நடனக் குழுக்களின் டிஜேக்களிடம் கேளுங்கள், சிறு அரங்குகளில் மைக் பிடிப்பவர்களைக் கேளுங்கள்.

கிடைத்தவர்களை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். கூட்டம் வருவதற்கு முன் பாடவைப்பதும், பெண்கள் சிறப்பு மேடை என்று ஓரமாக ஒன்று போடுவதும் எனக்குப் பிடிக்காது. முக்கிய மேடையில், முக்கிய நேரத்தில், அதே இடத்தில் பாடும் ஆணுக்குத் தரும் அதே தொகையில் அழையுங்கள். சவுண்ட் செக் நேரத்தைக் கடைசி நிமிடத்தில் சுருக்காதீர்கள். வயர்லெஸ் மைக்கின் பேட்டரிப் பெட்டியை இடுப்பு பெல்ட்டில் மாட்டத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பெல்ட்டோ பாக்கெட்டோ இல்லாத உடையில் அதை எங்கே மாட்டுவது? மேடை ஏறும் வேளையில் ஓர் ஆண் ஊழியர் அதற்காக முதுகுப் பக்கம் தடவும் நிலை வரக்கூடாது. மெல்லிய வார்ப்பட்டையும் பெண் உதவியாளர் ஒருவரும் போதும், பெரிய செலவில்லை.

செலவு என்றதும் பிரிட்டன் ராப் பாடகி லிட்டில் சிம்ஸ் நினைவுக்கு வருகிறார். சொந்த நிறுவனத்தின் மூலம் பாடல்களை வெளியிடுபவர்; 2022இல் சிறந்த ஆல்பத்துக்கான பிரிட்டனின் மெர்குரி பரிசை வென்றார். அதே ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை ரத்து செய்தார். தனித்து நிற்கும் கலைஞராக எல்லாச் செலவையும் தாமே ஏற்க வேண்டும், பெரும் நஷ்டம் வரும் என்று காரணம் சொன்னார். அந்த உயரத்தில் இருப்பவருக்கே இந்த நிலை. எனவே பயணச் செலவை முன்பணத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

ராப் ஆண்கள் உருவாக்கிய இசை, பெண்கள் பிறகுதானே வந்தார்கள்?
ஒரு கல்லூரி மாணவர்

இல்லை, தம்பி. ராப் பாடலை வெற்றிகரமாக இசைத்தட்டில் ஏற்றி விற்க முடியும் என்று 1979இல் காட்டிய ஷுகர் ஹில் நிறுவனத்தைக் கணவரோடு சேர்ந்து நிறுவியவர் சில்வியா ராபின்சன். அந்தப் பாடலுக்குப் பாடகர் குழுவைச் சேர்த்ததும், அதைத் தயாரித்ததும் அவர்தான்.

மேலாளர் ஒருவர் 30 சதவீதம் கேட்கிறார். கையெழுத்திடலாமா?
புதிதாகப் பாட வந்த வாசகி

வேண்டாம். வழக்கத்தில் இருப்பது 15 முதல் 20 சதவீதம். அந்தச் சதவீதம் மொத்த வரவிலா, செலவு போக மிஞ்சுவதிலா என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அவரை விட்டு விலகிய பிறகும் எத்தனை காலத்துக்குப் பங்கு போகும், அது ஆண்டுக்கு ஆண்டு குறையுமா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஓராண்டுக்கு முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு நீட்டிக்கலாம். உங்கள் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும், பாடல்களை வெளியிடும் தளங்களின் கடவுச்சொல்லையும் அவரிடம் கொடுக்க வேண்டாம்.