பசோலினி: கேளுங்கள், சொல்கிறேன்

இத்தாலியக் கவிஞர், இயக்குநர் பியர் பவ்லோ பசோலினி (1922–1975) பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து குவிந்தவை பெரும்பாலும் அவருடைய கடைசிப் படமான 'சாலோ' பற்றியவைதான். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கேள்வி: சார், 'சாலோ' பார்க்கலாமா? அவ்வளவு மோசமா?

பதில்: பசோலினியை அறிமுகம் செய்துகொள்ள அதைப் பார்க்காதீர்கள். முசோலினியின் கடைசிக்கால ஆட்சியில், அதிகாரத்தில் இருக்கும் நான்கு பேர் இளைஞர்களையும் இளம்பெண்களையும் ஒரு மாளிகையில் அடைத்து வதைக்கிறார்கள். பார்ப்பவருக்குக் கிளர்ச்சி வராது, குமட்டல்தான் வரும். அவர் விரும்பியதும் அதைத்தான். 'அக்காத்தோனே'யில் (1961) தொடங்குங்கள். ரோம் புறநகர்ச் சேரியில் ஒரு பாலியல் தரகனும் அவன் மைத்துனனும் கட்டிப் புரண்டு புழுதியில் உருளுகிறார்கள். பின்னணியில் ஜெர்மானிய இசைமேதை பாக்கின் தேவாலய இசை. தெருச்சண்டை ஒரு பலிச் சடங்குபோல ஆகிவிடும். இந்த ஒரு காட்சி பிடிபட்டால் அவருடைய மற்ற படங்களும் பிடிபடும்.

கேள்வி: கவிஞர் என்கிறார்களே, கவிதையிலும் பெரிய ஆளா?

பதில்: கவிதைதான் முதலில். 1942இல், இருபது வயதில் வந்த முதல் தொகுப்பு, வடகிழக்கு இத்தாலியில், அம்மாவின் ஊரான கசார்சாவின் ஃப்ரியூலி பேச்சுமொழியில் எழுதியது. வட்டார மொழிகளை ஃபாசிச அரசு ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. அப்பாவோ ஃபாசிசத்தை ஆதரித்த ராணுவ அதிகாரி! 1957இல் வந்த 'கிராம்ஷியின் சாம்பல்' தொகுப்பின் தலைப்புக் கவிதை ரோமில் இத்தாலியக் கம்யூனிஸ்ட் சிந்தனையாளர் கிராம்ஷியின் கல்லறை முன்னால் நின்று அவரோடு வாதாடுகிறது. இதயத்தில், வெளிச்சத்தில் உன் பக்கம், குடலின் இருட்டில் உனக்கு எதிர்ப்பக்கம் என்கிறார். இதை தாந்தே கையாண்ட மூவடி யாப்பை ஒட்டி எழுதியிருக்கிறார். சினிமாவுக்கு வந்தபோது வயது நாற்பதை நெருங்கிவிட்டது.

கேள்வி: கம்யூனிஸ்ட் கட்சி ஏன் நீக்கியது?

பதில்: 1949இல் ஃப்ரியூலியில் பள்ளி ஆசிரியராகவும் கட்சிக் கிளைச் செயலாளராகவும் இருந்தார். பதின்வயதுப் பையன்களோடு பாலுறவு கொண்டதாக வழக்கு வந்தது. மேல்முறையீட்டில் பிறகு விடுதலையானார் என்றாலும், சிறுவர்கள் சம்பந்தப்பட்டது என்பதை அவர் ரசிகர்கள் பலர் மென்று விழுங்கிவிடுகிறார்கள்; அது சரியில்லை. தீர்ப்புக்குக் காத்திராமல் கட்சி நீக்கியது, வேலையும் போனது. 1950 தொடக்கத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரோமுக்குப் போனார். தம்பி குய்தோவை 1945 பிப்ரவரியில் கொன்றவர்கள் கம்யூனிஸ்ட் கெரில்லாப் போராளிகள். அது தெரிந்தும் கட்சியில் சேர்ந்தவர். நீக்கிய பிறகும் தன்னை மார்க்சியர் என்றே சொல்லிக்கொண்டார்.

கேள்வி: அண்ணா, நாத்திகர் எப்படி ஏசு படம் எடுத்தார்?

பதில்: 1962இல் அசிசி நகரில் தங்கியிருந்த அறையில் மத்தேயு நற்செய்தியை ஒரே மூச்சில் படித்ததுதான் தொடக்கம். இடம் பார்க்கப் பாலஸ்தீனம் போனார். அங்கே நவீன காலம் வந்துவிட்டது என்று திரும்பி, தெற்கு இத்தாலியின் மத்தேராவில் எடுத்தார். வசனம் நற்செய்தியிலிருந்து அப்படியே. ஏசுவாக நடித்தவர் ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியை எதிர்த்து ஆதரவு திரட்ட இத்தாலிக்கு வந்திருந்த ஒரு ஸ்பானிய மாணவர். வயதான மரியாளாக நடித்தவர் பசோலினியின் அம்மா சுசான்னா. சிலுவைக்குக் கீழே அவர் துவண்டு விழும் காட்சியைப் பாருங்கள். பத்தொன்பது வயது மகனை உண்மையிலேயே பறிகொடுத்தவர். அவரை அந்த இடத்தில் நிறுத்திப் படம் எடுக்க இன்னொரு மகனுக்கு எப்படி மனசு வந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அடுத்த மகனும் பதினோரு வருஷத்தில் கொலையானார். இந்தப் படம் (1964) போப் 23ஆம் யோவானின் நினைவுக்குச் சமர்ப்பணம். முந்தைய வருஷம்தான் 'லா ரிக்கோத்தா' குறும்படத்துக்காக மதத்தை அவமதித்தார் என்று நீதிமன்றம் தண்டித்திருந்தது.

கேள்வி: 1968இல் மாணவர்களுக்கு எதிராகப் போலீசை ஆதரித்தவர்தானே?

பதில்: பாதி உண்மை. ரோமின் வாலே ஜூலியாவில் மாணவர்களும் போலீசும் மோதிக்கொண்ட பிறகு எழுதிய கவிதையில், போலீஸ்காரர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள், நீங்கள் பணக்கார வீட்டுச் செல்லங்கள் என்று மாணவர்களைச் சாடினார். ஆனால் போலீஸ் என்ற அமைப்புக்குத் தானும் எதிரி என்று அதே கவிதையில் சொல்லியிருக்கிறார். மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: இந்தியாவுக்கு வந்தாரா?

பதில்: வந்தார். 1961இல் எழுத்தாளர்கள் மொராவியா, எல்சா மொராந்தேயுடன் சுற்றி, ஒரு பயண நூல் எழுதினார். 1968 ஆவணப்படத்தில், பசித்த புலிகளுக்குத் தன் உடலைத் தந்த மகாராஜாவின் கதையைச் சொல்லி, இது நடக்குமா என்று நம் மக்களிடம் கேட்டபடி போகிறார். கொஞ்சம் வெள்ளைக்காரப் பார்வைதான்.

கேள்வி: கொன்றது யார்?

பதில்: 1975 நவம்பர் 2 அதிகாலை, ரோமுக்கு அருகே ஒஸ்தியாவில் அடித்து, அவருடைய காரையே மேலே ஏற்றிக் கொன்றார்கள். அந்தக் காரை ஓட்டிவந்து பிடிபட்ட பினோ பெலோசிக்கு வயது 17. 'அடையாளம் தெரியாத வேறு சிலரோடு சேர்ந்து' என்றது முதல் தீர்ப்பு. மேல்முறையீட்டில் அந்தச் சொற்கள் போய்விட்டன. 2005இல் தொலைக்காட்சியில் பெலோசி, கொன்றது வேறு ஆட்கள் என்று மாற்றிச் சொன்னார். டிஎன்ஏ சோதனைக்காக மறுபடி திறந்த விசாரணையும் 2015இல் மூடப்பட்டது. ஒரு பையன் தனியாகச் செய்த வேலை என்று நான் நம்பவில்லை. அதற்காக, சிலர் சொல்வதுபோல அது ஓர் எண்ணெய் நிறுவனத்தின் சதி என்று சத்தியம் செய்யவும் மாட்டேன்.

கேள்வி: கருக்கலைப்பை எதிர்த்தாராமே? அப்படியென்றால் பிற்போக்குவாதியா?

பதில்: எதிர்த்தார். 1975 ஜனவரியில் 'கொரியேரே தெல்லா சேரா' நாளிதழில் பகிரங்கமாக எழுதினார். நுகர்வு மோகம் ஏழைகளின் பேச்சு, உடம்பு, ஆசை எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டது, ஃபாசிசத்தால்கூட முடியாததை அது சாதித்துவிட்டது என்பது அவருடைய வாதம். புதிய பாலியல் சுதந்திரமும் அந்தச் சந்தை தரும் சரக்கு என்றார். மின்மினிகள் அழிந்ததை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் அந்த வாரங்களில் வந்ததுதான். அதை வரிக்கு வரி ஒப்புக்கொள்வேன். ஆனால் கருக்கலைப்புக் கட்டுரையில் கர்ப்பம் சுமக்கிற பெண்ணையே காணோம். நண்பர் மொராவியாவே மறுத்து எழுதினார். நானும் இதில் மொராவியா பக்கம்தான்.