முகம் செயலியுடையது, குரல் மாணவருடையதாக இருக்கட்டும்

கேள்வி: தமிழை இரண்டாம் மொழியாகப் பயிலும் 11, 12 வயது மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். பேசச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். திரையில் நமக்குப் பதிலாகத் தோன்றிப் பேசும் உருவத்தை, அதாவது அவதாரை, உருவாக்கும் செயலியைக் கொடுத்துப் பார்த்தேன். முடியின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாடவேளை முடிந்துவிட்டது. இதை உருப்படியாகப் பயன்படுத்துவது எப்படி?

பதில்: மொழி வகுப்பில் எழும் பதற்றத்தை அளக்க எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1986-இல் 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டனர்; பிறர் நம்மைக் குறைவாக மதிப்பிடுவார்களோ என்ற அச்சத்துக்கு அதில் முக்கிய இடம் உண்டு. அவதார் பேசும்போது எல்லார் கண்ணும் திரையில் இருப்பதால் அந்த அச்சம் சற்றுத் தணிகிறது. ஆனால், என் பார்வையில் அதைவிடப் பெரிய பயன், ஒப்படைக்கும் முன் எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் பதிவு செய்யலாம் என்பதே. 'நான் பல்லிக்குப் போகிறேன்' என்று பதிவு செய்த மாணவி, அதைத் தானே கேட்டுச் சிரித்துவிட்டு, நாக்கை மடித்துப் 'பள்ளிக்கு' என்று மறுபடி சொல்லிப் பார்ப்பாள். நீங்கள் பத்து முறை திருத்தினாலும் கிடைக்காத லகர, ளகர வேறுபாடு அந்த ஒரு சிரிப்பில் பிடிபட்டுவிடும்.

ஆகவே, எழுத்தைப் பேச்சாக மாற்றும் வசதி செயலியில் இருந்தால் அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். இயந்திரக் குரல் பேசிவிட்டால் மாணவர் வாய் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகும். சாட்டர்பிக்ஸ் போன்ற எளிய செயலியே போதும்: ஒரு படத்தில் வாய் இருக்கும் இடத்தில் கோடு வரைந்து, 30 விநாடி வரை பேசிப் பதிவு செய்யலாம். அலங்கரிக்க அதில் அதிகம் இல்லை. உங்களுக்கு அதுவே நல்லது.

முழு உருவத்தை வடிவமைக்கும் செயலிதான் வேண்டுமென்றால், வடிவமைப்பையே பேச்சுப் பயிற்சியாக்கிவிடுங்கள். இருவருக்கு ஒரு கருவி; ஒருவர் திரையைப் பார்க்காமல் சொல்ல வேண்டும், மற்றவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். 'சுருட்டை முடி வை', 'நீலச் சட்டை வேண்டாம், பச்சை போடு' என்று ஏவல் வினையும் பெயரடையும் தாமாக வந்து விழும். பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். உருவம் அரைகுறையாக இருந்தால் இருக்கட்டும், அதற்கு மதிப்பெண் இல்லை என்பதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து, ஒருவருடைய அவதார் 'நான் மரம் ஏறுவேன், பொய் சொல்ல மாட்டேன்' என்று பேசியதை இன்னொருவர் வகுப்புக்கு எடுத்துச் சொல்லட்டும். 'அவள் மரம் ஏறுவாள், பொய் சொல்ல மாட்டாள்' என்று வினைமுற்று விகுதி மாற வேண்டிய கட்டாயம் அங்கே இயல்பாக உருவாகிறது. வாய்பாடாக ஒப்பிக்கும்போது சரியாகச் சொல்லும் மாணவர்கள்கூட இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். எதை மீண்டும் கற்பிக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.

எழுதி வைத்துப் படிப்பது இன்னொரு சிக்கல். ஒரே மூச்சில், ஏற்ற இறக்கமின்றி வரும் பதிவைக் கேட்டாலே அது புரியும். முழு வாக்கியங்களை எழுத விடாமல், ஒரு தாளில் நான்கு சொற்களை மட்டும் குறித்துக்கொள்ள அனுமதியுங்கள்.

இனி, பாதுகாப்பு. மாணவரின் முகப்படத்தை எந்தச் செயலியிலும் ஏற்ற வேண்டாம். ஓவியமோ பொம்மைப் படமோ போதும். குரலும் ஒருவரை அடையாளம் காட்டக்கூடியதே என்பதால், பதிவில் முழுப் பெயரும் வசிப்பிடமும் இடம்பெறக் கூடாது. 13 வயதுக்குட்பட்டோரின் விவரங்களை இணையத்தில் திரட்டப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்று அமெரிக்காவில் 1998-இல் சட்டம் இயற்றப்பட்டதால், பல சேவைகள் அந்த வயதையே எல்லையாக வைத்திருக்கின்றன. உங்கள் மாணவர்கள் அதற்குக் கீழே இருப்பதால், விதிமுறைகளைப் படித்து, பள்ளியின் அனுமதியையும் பெற்றோரின் ஒப்புதலையும் பெற்ற பிறகே தொடங்குங்கள்.

நான்கைந்து பதிவுகளுக்குப் பிறகு, அவதார் பேசி முடித்ததும் வகுப்பினர் அதனிடம் இரண்டு கேள்விகள் கேட்கட்டும். அதை உருவாக்கியவர் இருக்கையில் இருந்தபடியே, பதிவு ஏதுமின்றி, அதன் சார்பாகப் பதில் சொல்லட்டும்.