பதில்: அப்பாவுக்கு 51-இல் மாரடைப்பு, எனக்கும் வருமா?

தம்பி, அப்பா 51 வயதில் மாரடைப்பில் போனதையும், "தமிழங்க ரத்தமே அப்படித்தான்" என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வதையும் எழுதியிருந்தீங்க. உங்களுக்கு 42. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்ட டிரஸராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக, இருந்தவன் நான். அந்தப் பேச்சை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

நமக்குச் சீக்கிரம் வருவது உண்மைதான். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சுமார் 53 வயதில், மற்றவர்களுக்கு 59. ஆனால் புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இனிப்புநீர் (நீரிழிவு) என்று 9 காரணங்களே எல்லா இனத்திலும் பத்தில் ஒன்பது மாரடைப்புக்குப் பின்னால் இருந்தன. நாள் சம்பளக்காரன் கிளினிக் போனால் அரைநாள் கூலி போகும். தள்ளிப்போடுவான். அப்படித் தள்ளிப்போட்டே போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை.

எஸ்டிஆர் என்று அரசாங்கம் வருமானம் குறைந்தவர்களுக்குத் தரும் பண உதவி வாங்குறீங்களா? அதை வாங்குகிற 40 தாண்டியவர்களுக்கு பெக்கா பி40 என்ற அரசாங்க சுகாதாரத் திட்டத்தில் பரிசோதனை இலவசம். இல்லாவிட்டால் அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட். அப்பா 55-க்குள் போனதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க. நெஞ்சு இறுக்கினால் வாயு என்று தைலம் தேய்க்காதீங்க, உடனே ஆம்புலன்ஸுக்கு 999 அடிங்க.