அணுகுண்டு ஏந்திய நீர்மூழ்கிக் கப்பல் கடலுக்குள் விபத்தில் சிக்கினால் குண்டு வெடித்துவிடுமா?

வெடிக்காது. அணுகுண்டு வெடிக்க வேண்டுமென்றால், அதற்குள் இருக்கும் சாதாரண வெடிமருந்து எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் வெடித்து, நடுவிலுள்ள புளூட்டோனியத்தைச் சீராக அமுக்க வேண்டும். மோதலிலோ தீயிலோ அது தானாக நடந்துவிடாதபடிதான் வடிவமைக்கிறார்கள். ஆனால் இதைக் கேட்டு நிம்மதியடைந்துவிட முடியாது. ஏவுகணையின் எரிபொருளும் கப்பலின் அணு உலையும்தான் உண்மையான ஆபத்து. இரண்டும் ஒரே நாளில் கைமீறப் பார்த்தது கே-219 என்ற சோவியத் கப்பலில்.

1986 அக்டோபர் 3. பெர்முடா தீவுக்கு வடகிழக்கே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலுக்கடியில் அது ரோந்தில் இருந்தது. மொத்தம் 16 ஏவுகணைக் குழாய்கள். அதில் ஒன்று 1973இல் நடந்த விபத்துக்குப் பிறகு நிரந்தரமாக மூடப்பட்டது. இந்த முறை ஆறாவது குழாய்க்குள் கடல்நீர் புகுந்தது. அந்த ஏவுகணைகள் திரவ எரிபொருளில் ஓடுபவை. அந்த எரிபொருளை எரியவைக்கத் தனித் தொட்டியில் இருக்கும் நைட்ரஜன் டெட்ராக்சைடு தண்ணீரோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலமாகிவிடும். அது எரிபொருளைத் தொட்டாலோ தீப்பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். குழாய் வெடித்தது, மூன்று பேர் இறந்தார்கள், உள்ளே விஷப்புகை பரவியது. கேப்டன் இகோர் பிரிட்டானோவ் கப்பலைக் கடல்மட்டத்துக்குக் கொண்டுவந்தார். (அமெரிக்கா தன் முதல் நீர்மூழ்கி ஏவுகணையான போலாரிஸ் காலத்திலிருந்தே நீர்மூழ்கி ஏவுகணைகளுக்குத் திட எரிபொருளைத்தான் நம்புகிறது. நம் அணு நீர்மூழ்கியான அரிஹந்தின் கே-15 ஏவுகணையும் அப்படித்தான்.) விபத்துக்கு அமெரிக்க நீர்மூழ்கி மோதியதுதான் காரணம் என்று சோவியத் தரப்பு சொன்னது; அமெரிக்கக் கடற்படை அதை மறுத்தது.

அப்புறம்தான் உலையின் பிரச்சினை. அணுவினையை அடக்கி அதை நிறுத்தும் தடுப்புத் தண்டுகள் தானாக இறங்கவில்லை. யாராவது உலை அறைக்குள் போய்க் கையால் சுழற்றி இறக்க வேண்டும். நிகோலாய் பெலிகோவ் என்ற அதிகாரியும் செர்கே பிரெமினின் என்ற இருபது வயது மாலுமியும் போனார்கள். தாங்க முடியாத வெப்பத்தில் பெலிகோவ் தளர்ந்து விழ, பிரெமினின் தனியாகப் போய் வேலையை முடித்தார். உலை நின்றது. திரும்பி வரும்போது கதவு திறக்கவில்லை.

நான் அழுத்தக் கலன்கள் செய்யும் ஆலையில் வேலை பார்ப்பவன் என்பதால் இந்த இடத்தை என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை. வெப்பத்தால் அந்த அறைக்குள் காற்றழுத்தம் கூடி, கதவை அதன் சட்டத்தோடு சேர்த்து அழுத்திவிட்டது. 60 செ.மீ. விட்டமுள்ள ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கத்துக்கும் நடுவே வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே, அதன்மேல் 280 கிலோவுக்கு மேல் எடை வைத்த மாதிரி. மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் ஒருவரால் அதை அசைக்க முடியாது. அந்தப் பக்கம் இருந்த தோழர்கள் முயன்றும் பலனில்லை. அவர் உள்ளேயே இறந்தார். அக்டோபர் 6 அன்று கே-219 ஐந்து கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் மூழ்கியது, அணுகுண்டுகளோடும் உலைகளோடும் பிரெமினினின் உடலோடும். ரஷ்யக் கூட்டமைப்பின் வீரர் என்ற பட்டம் அவருக்கு 1997இல்தான் கிடைத்தது. பதினோரு வருடம் தாமதித்தது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

சரி, அது பழைய சோவியத் கப்பல், இப்போது அப்படி நடக்காது என்று சிலர் சொல்வார்கள். 2009 பிப்ரவரி தொடக்கத்தில் பிரிட்டனின் வான்கார்டும் பிரான்ஸின் லெ திரியோம்பானும் அட்லாண்டிக்கில் கடலுக்கடியில் மோதிக்கொண்டன. இரண்டுமே அணு ஏவுகணை சுமக்கும் கப்பல்கள். எதிரி தாக்கினாலும் திருப்பித் தாக்க ஒரு கப்பலாவது மறைந்திருக்கும் என்ற நம்பிக்கைதான், பதிலடிப் பயத்தால் எதிரியைத் தாக்கவிடாமல் தடுக்கும் அணு ஆயுதத் தடுப்புக் கொள்கைக்கு அடிப்படை. அதற்காகவே இவற்றைச் சத்தமில்லாமல் ஓடும்படி கட்டுகிறார்கள், இருக்கும் இடத்தை நட்பு நாட்டுக்குக்கூடச் சொல்வதில்லை. இப்படி ஒரு மோதலுக்கு இடம் கொடுப்பதும் அதுதான். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை, உலைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிரான்ஸ் முதலில் தன் கப்பல் நீருக்கடியில் மூழ்கிக் கிடந்த ஏதோ ஒரு பொருளில், அநேகமாகச் சரக்குப் பெட்டகத்தில், இடித்ததாகத்தான் அறிவித்தது. பத்திரிகையில் செய்தி வந்த பிறகே இரு நாடுகளும் மோதலை ஒப்புக்கொண்டன. கப்பல் எங்கே போகிறது என்பது ரகசியமாக இருக்கட்டும். விபத்து நடந்தால், அதை மக்களுக்கு உடனே சொல்லியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1986இல், அதுவும் செர்னோபில் நடந்த அதே வருடத்தில், சோவியத் அரசே கே-219 விபத்தை மறுநாள் அறிவித்தது.