இன்ஜெக்டரை மாற்றும் முன் கூலண்ட் சென்சாரைப் பாருங்கள்

நண்பரே, காலையில் ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டர் மின்விசிறி ஓடுகிறது, புகையில் பெட்ரோல் வாடை, மைலேஜும் சரிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மெக்கானிக் சொன்னார் என்பதற்காக, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை மாற்றிவிடாதீர்கள். மூன்றும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின், வெப்பநிலை சென்சார் மீதுதான்.

இன்ஜினின் சூட்டை ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அறிவது அந்தச் சிறு சென்சார் வழியாகத்தான். குளிரில் அதன் மின்தடை அதிகம். சூடேற ஏறக் குறையும். சென்சாரின் கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்துத் தடை கூடினால், ஈசியூ கடுங்குளிர் என்று எண்ணிப் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும், இக்னிஷன் நேரத்தையும் (பிளக் பொறி விடும் நேரம்) மாற்றும். அந்த அளவை நம்ப முடியாது என்று தெரிந்துவிட்டால், இன்ஜின் கொதித்துவிடக் கூடாதே என்று பல கார்களில் மின்விசிறியை விடாமல் ஓட்டும்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில் சாவியை மட்டும் ஆன் செய்து, ஓபிடி ஸ்கேனரில் (ஈசியூவின் அளவுகளைப் படித்துக் காட்டும் கருவி) கூலண்ட் வெப்பநிலையையும் உள்வரும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலண்ட் மட்டும் மைனஸ் 40 டிகிரி காட்டினால் இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது, கனெக்டரிலிருந்து தொடங்குங்கள். சென்சாரையே மாற்ற நேர்ந்தால் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்கள், சூட்டில் கூலண்ட் பீறிட்டுக் கையைப் பொசுக்கிவிடும்.