சைன் வளைவுக்கு அடியில் 1, 2, 3 எதற்கு?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு டீச்சர் கேட்டிருக்கிறார்: ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளில் சைன் வளைவு போட்டால் கீழே 1, 2, 3 என்றே எண்கள் வருகின்றன, பிள்ளைகளுக்குப் புரியவில்லை, பாபநாசம் அணையின் ஒரு மாத நீர்மட்டத்தைப் போட்டால் கோடு திரையிலேயே இல்லை. என்ன செய்வது?

டீச்சர், எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் மென்பொருள் முதலில் ஒரே மாதிரி அச்சைத்தான் போடும், மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து கிராபிக்ஸ் செட்டிங்ஸைத் திறந்து, எக்ஸ் அச்சுக்கான பகுதியில் 'டிஸ்டன்ஸ்' என்பதற்கு டிக் போட்டு, பட்டியலில் பை/2-ஐத் தேர்ந்தெடுங்கள். வளைவின் உச்சி, அச்சை வெட்டும் இடம், பள்ளம் எல்லாம் குறிகளின் மேலேயே வந்து உட்காரும். 1, 2, 3 இருக்கும்வரை வளைவு 3-ஐத் தாண்டி எங்கோ வெட்டுகிறது என்றுதான் பிள்ளைகள் பார்ப்பார்கள், பை என்று தோன்றவே தோன்றாது.

வளைவு தட்டையாக இருக்கிறதே என்று ஒய் அச்சை இழுத்து நீட்டத் தோன்றும். வகை நுண்கணிதம் நடத்தும்போது மட்டும் அதைச் செய்யாதீர்கள், 'பேசிக்' பகுதியில் அச்சுகளின் விகிதம் 1 : 1 ஆகவே இருக்கட்டும். ஆதிப்புள்ளியில் சைனின் சாய்வு 1, தொடுகோடு 45 பாகையில் நிற்க வேண்டும். நீட்டினால் அந்த 45 போய்விடும், வட்டம்கூட முட்டையாகிவிடும்.

அணைக்கு இது நேர்மாறு. பாபநாசத்தின் முழு உயரம் 143 அடி, கீழே 30 நாள். நாளையும் அடியையும் ஒரே அளவில் வைப்பதில் அர்த்தமே இல்லை. அதே பேசிக் பகுதியில் ஒய்க்கு 0 முதல் 150 வரை, எக்ஸுக்கு 0 முதல் 31 வரை கொடுத்துவிடுங்கள், கோடு வந்துவிடும். மழையில் மட்டம் ஏறியது பளிச்சென்று தெரிய வேண்டுமானால் ஒய்யை 80-லிருந்து தொடங்கலாம், ஆனால் அப்போது எக்ஸ் அச்சு மறைந்துவிடும். அதற்குரிய பகுதியில் 'ஸ்டிக் டு எட்ஜ்' டிக் செய்தால் அடியிலேயே ஒட்டி நிற்கும். 80-லிருந்து தொடங்குகிறது என்பதைப் படத்திலேயே கட்டாயம் எழுதுங்கள். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று வீட்டில் பேச்சு ஓடும் ஊர் அது, கோடு படத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டால் அணையே வறண்டுவிட்டது என்று பிள்ளை நினைக்கும். பட்டை வரைபடமாகப் போட்டால் 0-விலிருந்துதான் தொடங்க வேண்டும், அதில் சலுகையே கிடையாது.

அப்புறம், 'லேபிள்' கட்டத்தில் 'நீர்மட்டம் (அடி)', 'நாள்' என்று தமிழிலேயே எழுதலாம். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் எழுத்தளவை 18 ஆக்கி, அச்சுக்கோட்டை 'போல்டு' ஆக்கிவிடுங்கள்.