தீ இல்லாத நாளில் தீயணைப்பு நிலையத்தில் என்ன வேலை?

கேள்வி: எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்தில் வண்டி எப்போதும் நின்றுகொண்டேதான் இருக்கிறது. மாதத்துக்கு ஒன்றிரண்டு தீ விபத்துகூட இருக்காது. அத்தனை பேர் உள்ளே என்னதான் செய்கிறார்கள்?

ஒரு சின்ன ஊர் நிலையத்தில் 22 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இதே கேள்வியை முகத்துக்கு நேராகவே பலர் கேட்டிருக்கிறார்கள். தண்ணீரில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எங்கள் கவலையெல்லாம் அதில்தான்.

எங்கள் வண்டித் தொட்டி 4,500 லிட்டர். கேட்க ஏகப்பட்டது போலத் தோன்றும். ஒரு ஹோஸில் நிமிடத்துக்கு 450 லிட்டர் விட்டால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டு ஹோஸ் பிடித்தால் ஐந்தே நிமிடம். பெருநகரத்தில் அதற்குள் இரண்டாவது வண்டி வந்து நிற்கும். எங்களுக்கு அடுத்த வண்டி பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும், அரை மணிக்குக் குறையாது. ஆகவே தீப்பிடித்த வீட்டு வாசலில் இறங்கிய பிறகு தண்ணீர் எங்கே என்று தேடினால் கதை முடிந்தது.

கிணறு நிறையத் தண்ணீர் இருந்தாலே போதும் என்று நினைப்பீர்கள். அதுவும் போதாது. வண்டியின் பம்ப் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியே இழுத்துவிடுகிறது, தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக் காற்றின் அழுத்தம். அதனால் ஏட்டுக் கணக்கில் 10 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீரை எப்பேர்ப்பட்ட பம்ப்பாலும் மேலிருந்து உறிஞ்ச முடியாது. மழைக்காலத்தில் கை கொடுத்த கிணறு கோடையில் எங்களுக்கு வெறும் பள்ளம்தான். எந்தக் கிணறு, எந்தக் குளம், வண்டி கரைவரை போகுமா, வெளிக்கதவுச் சாவி யாரிடம் என்று அழைப்பு வராத நாட்களில் நேரில் போய்ப் பார்த்து எழுதி வைப்போம். எந்தச் சந்தில் வண்டி திரும்பாது, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு முதியவர் இருக்கிறார் என்பதும் அந்த நோட்டில் இருக்கும். என் கணிப்பில் நிலையத்திலேயே விலைமதிப்பான கருவி அந்த நோட்டுதான்.

காலையில் பம்ப்பை ஓட்டிப் பார்ப்பது, நனைந்த ஹோஸைத் தொங்கவிட்டு உலர்த்துவது, மூச்சுக்கருவி சிலிண்டரின் அழுத்தம் பார்ப்பது எல்லாம் அன்றாட வேலை. சிலிண்டர் கணக்குப்படி 45 நிமிடம் வரும். புகைக்குள் படியேறி ஆளைத் தூக்கி வருபவருக்கு அரை மணி தாங்கினாலே பெரிது. உடம்பைத் தயாராக வைத்திருப்பதும் அதனால் வேலையில் சேர்த்திதான்.

இன்னொன்று, நிலையத்தின் பெயரில் தீ இருந்தாலும் எங்கள் பதிவேட்டில் மீட்பு அழைப்புகளே அதிகம். சாலை விபத்து, வெள்ளம், கதவு பூட்டிக்கொண்ட அறைக்குள் குழந்தை, கிணறு. கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை நாங்கள் போனபோது தூர் வார இறங்கிய ஒருவர் மயங்கிக் கிடந்தார். அவரைத் தூக்க இறங்கிய இன்னொருவர் அவர்மேலேயே விழுந்து கிடந்தார். மூன்றாவதாக அவருடைய தம்பி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்றார். "விடுங்க சார், என் அண்ணன் சார்" என்று கதறியவரை எங்கள் மூத்தவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீ இறங்கினா நாங்க மூணு பேரைத் தூக்கணும்" என்றார். மூச்சுக்கருவி போட்டுக்கொண்டு இறங்கி இருவரையும் தூக்கினோம். ஒருவர்தான் பிழைத்தார். அந்தத் தம்பியின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஆழத்தில் தேங்கும் கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டைபோல நாறும், ஆனால் செறிவு கூடினால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று நம்பி இறங்கி இறந்தவர்கள் பல ஊர்களில் உண்டு. மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பதையும் நம்பாதீர்கள்: சுடர் நன்றாக எரியும் இடத்திலும் ஆளைக் கொல்லும் வாயு இருக்கலாம், மீத்தேன் இருந்தால் வெடித்தே விடும்.

அத்தனை பேர் எதற்கு என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. இருவர் உள்ளே போனால், அவர்களுக்கு ஏதாவது ஆனால் தூக்கி வர இருவர் வெளியே தயாராக நிற்க வேண்டும். பம்ப்பை விட்டு ஒருவர் நகரக் கூடாது. கட்டளை சொல்ல ஒருவர். ஆறு பேர் ஆகிவிட்டது, இன்னும் ஏணியைத் தொடவில்லை. சம்பளத்துக்கு இத்தனை பேரை வைக்க முடியாத ஊர்கள் உலகமெங்கும் தன்னார்வலர்களை நம்பியிருக்கின்றன. அமெரிக்காவின் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவர்கள்தான். பகலில் கடையிலோ பள்ளியிலோ வேலை பார்த்துவிட்டு, மணி அடித்தால் ஓடி வருபவர்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைய மெத்தையும் சோபாவும் நிறைந்த அறை மூன்று, நான்கு நிமிடத்தில்கூட மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். அதற்குள் எங்களால் வந்துசேர முடியாமல் போகலாம். எரியும் அறையிலிருந்து எல்லோரும் வெளியே வந்ததும் கதவைச் சாத்திவிடுங்கள், அந்த ஒரு கதவால் மிச்ச வீடு தப்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கைக்கு எட்டினால் அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். அழைக்கும்போது முகவரியோடு, உள்ளே யாராவது இருக்கிறார்களா, என்ன எரிகிறது என்பதையும் சொல்லுங்கள். பிறகு ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். இரவென்றால் கையில் டார்ச் கொடுத்து அனுப்புங்கள், வளைவில் வரும்போதே எங்கள் கண்ணில் படும்.